மிலிட்டரி பேஸ் கேம்ப்ல இடம் மலிவுன்னு டிரெய்லர் வாங்கலாமா?

வாசகி கேள்வி, 11 பிப்ரவரி 2024

"அக்கா, வீட்டுக்காரர் ஆர்மில ஸ்பெஷலிஸ்ட். இப்ப எல் பாஸோ, ஜூன்ல டாம்பாவுக்கு பிசிஎஸ், அதான் வேற பேஸுக்கு மாத்தல். ரெண்டு பிள்ளைங்க, ஒரு நாய். வழியில ஹோட்டல், போய் வீடு கிடைக்கற வரைக்கும் ஹோட்டல்னு கணக்கு போட்டா தலை சுத்துது. பேஸ் உள்ள இருக்கற ஆர்வி கேம்ப்ல (வீடு மாதிரி வண்டியை நிறுத்தித் தங்கற இடம்) ராத்திரிக்கு 30 டாலர் இருந்தா போதும்னு இவர்கூட வேலை பார்க்கறவர் சொல்றாராம். வண்டி பின்னாடி மாட்டி இழுக்கற சக்கர வீடு, பழைய டிரெய்லர் ஒண்ணு 12,000க்கு வருது, வாங்கிடலாமான்னு கேக்கறார். நீங்க சுத்தறவங்கதானே, சொல்லுங்க."

11 பிப்ரவரி 2024, இரவு 11:20

வாங்குங்க. நாங்க 2021ல வாங்கினோம், 22 அடி, 11,500 டாலர். ஒரு நாளும் வருத்தப்படலை. விவரமா நாளைக்கு எழுதறேன், பையன் இன்னும் தூங்கலை.

12 பிப்ரவரி 2024

சரி, முதல்ல இது என்னன்னு தெரியாதவங்களுக்கும் சேர்த்து. நம்ம ஊர்ல மிலிட்டரி கேன்டீன் தெரியும்ல, பட்டாளத்துக்காரர் கார்டு காட்டினா வெளிய விக்கற விலையைவிட கம்மியா சாமான் கிடைக்குமே, அதே மாதிரிதான், சாமானுக்கு பதிலா இங்க தங்கற இடம். அமெரிக்காவுல பெரிய பேஸ் நிறைய இடத்துல உள்ளேயே ஒரு கேம்ப்கிரவுண்டு இருக்கும். ஏர்ஃபோர்ஸ்காரங்க அதை ஃபாம்கேம்ப்னு சொல்வாங்க, ஆர்மி நேவில பெரும்பாலும் ஆர்வி பார்க், டிராவல் கேம்ப்னு இருக்கும். நடத்தறது எம்டபிள்யூஆர், படைக் குடும்பங்களோட நலன், பொழுதுபோக்கு பார்க்கற பிரிவு. கரண்டு, தண்ணி, சாக்கடை மூணும் இருந்தா ஃபுல் ஹூக்கப். துணி துவைக்கற மெஷின், குளியலறை எல்லாம் இருக்கும். நாங்க குடுத்தது பெரும்பாலும் 25ல இருந்து 32 டாலர் வரைக்கும். அதே ஊர்ல வெளிய தனியார் பார்க்ல 65, 80ன்னு கேட்டிருக்காங்க, கடற்கரை பக்கம்னா அதுக்கும் மேல.

மலிவுங்கறதால ஓரமா ஒதுக்கின இடம்னு நினைக்காதீங்க. ஜாக்சன்வில் பக்கம் மேபோர்ட் நேவி பேஸ்ல பெலிக்கன் ரூஸ்ட்னு ஒண்ணு, செயின்ட் ஜான்ஸ் ஆறு கடல்ல கலக்கற இடம், டிரெய்லர் வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்தா கண்ணு முன்னாடி போர்க்கப்பல் போகும். பென்சகோலால ப்ளூ ஏஞ்சல்ஸ் விமானம் தலைக்கு மேல பிராக்டிஸ் பண்ணும். கொலராடோல ஏர்ஃபோர்ஸ் அகாடமிக்குள்ள பெரகிரின் பைன்ஸ், சுத்தி பைன் மரம், ஏறக்குறைய 7,000 அடி உயரம், நம்ம ஊட்டி மாதிரி.

உங்க வழிக்கு வர்றேன். எல் பாஸோல இருந்து ஐ-10 நெடுஞ்சாலை பிடிச்சா கிழக்க நேரா ரோடு. வழியில தங்கறதுக்கு சான் அன்டோனியோல ஃபோர்ட் சாம் ஹூஸ்டன், பிலாக்சில கீஸ்லர், அப்புறம் பென்சகோலா. டாம்பால மெக்டில் பேஸ் உள்ள ரக்கூன் கிரீக், ரொம்ப பெரிசு. குளிர்காலத்துல அங்க ரிட்டயர் ஆன பெரியவங்க வடக்க இருந்து வந்து உக்காந்துருவாங்க, இடம் கிடைக்காது. ஜூன்ல வெயிலுக்கு பயந்து அவங்க எல்லாம் கிளம்பியிருப்பாங்க, உங்களுக்கு அது நல்லது. ஆனா எல்லா இடத்துக்கும் தனித்தனியா போன் போடுங்க. சில இடம் முன்பதிவு எடுக்கும், சில இடம் முதல்ல வந்தவங்களுக்குத்தான், பிசிஎஸ் ஆர்டர் கையில இருந்தா பல இடத்துல முன்னுரிமை. ஆர்டர் காப்பி நாலஞ்சு எடுத்து வச்சுக்கோங்க.

ஒண்ணு மறந்துட்டேன், மிலிட்டரி குடும்பத்துக்கு நேஷனல் பார்க் பாஸ் இலவசம், அதைக் காட்டினா பார்க் உள்ள கேம்ப் கட்டணமும் பாதி.

15 பிப்ரவரி 2024

வேற ஒருத்தர் கேட்டிருக்கார், தான் சர்வீஸ்ல இருந்து வெளிய வந்தாச்சு, ரிட்டயர்மென்ட் இல்ல, நாலு வருஷம்தான், காதுல அடிபட்டு 20 சதவீதம் டிசெபிலிட்டி, தனக்கெல்லாம் பேஸ் கேம்ப் கிடையாதுன்னு யாரோ சொன்னாங்களாம், கிடைக்குமான்னு. கிடைக்கும் சார். முன்னாடி 100 சதவீதம் இருந்தாத்தான் உள்ள விடுவாங்க. 2018ல சட்டம் போட்டு 2020 ஜனவரி 1ல இருந்து சர்வீஸால வந்த டிசெபிலிட்டி எத்தனை சதவீதமா இருந்தாலும் கமிசரி (பேஸ் மளிகைக் கடை), எக்ஸ்சேஞ்ச் (மத்த சாமான் கடை), எம்டபிள்யூஆர் இடங்கள் திறந்துவிட்டாங்க. போர்ல காயம்பட்டதுக்கு பர்ப்பிள் ஹார்ட் பதக்கம் வாங்கினவங்களுக்கும், போர்க்கைதியா இருந்தவங்களுக்கும், அவங்களைப் பார்த்துக்கற கேர்கிவருக்கும் உண்டு. உங்க விஏ (முன்னாள் படைவீரர் துறை) ஹெல்த் கார்டை எடுத்துட்டு முதல் தடவை விசிட்டர் சென்டர்ல பதிஞ்சுட்டு போங்க. யாரோ ஒருத்தர் தப்பா சொன்னதை நம்பி நாலு வருஷமா நீங்க போகாம இருந்திருக்கீங்க, அதுதான் கஷ்டமா இருக்கு.

19 பிப்ரவரி 2024

தங்கச்சி, 11ம் தேதி "வாங்குங்க"ன்னு எழுதினேன்ல, அதைத் திரும்ப வாங்கிக்கறேன்.

நேத்து பழைய நோட்டு எடுத்தேன். எங்க வீட்டுல செலவு எல்லாம் நோட்டுல எழுதறது என் பழக்கம், ஆனா டிரெய்லர் செலவை ஒட்டுமொத்தமா ஒரு நாளும் கூட்டிப் பார்த்ததில்லை. கூட்டினேன். முதல் வருஷம், 2021 அக்டோபர்ல இருந்து 2022 செப்டம்பர் வரைக்கும்: ஹிட்ச்சும் (டிரெய்லரை வண்டில மாட்டற கொக்கி) பிரேக் கன்ட்ரோலரும் 780, டயர் 560, கூரை ஒழுகாம பூசறதுக்கு 240, இன்சூரன்ஸ் 310, பேஸ் ஸ்டோரேஜ்ல மாசம் 35ன்னு 420. மொத்தம் 2,310. அந்த வருஷம் நாங்க தங்கினது 26 ராத்திரி. வகுத்தா ராத்திரிக்கு 89 டாலர், அதுக்கு மேல சைட் வாடகை, அதான் கேம்ப்ல நிறுத்தற இடத்துக்கு, 28. ஆக 117. இதுல டிரெய்லர் வாங்கின காசு சேரலை, பெட்ரோலும் சேரலை. எங்க டிரக் சும்மா போனா கேலனுக்கு 20 மைல், டிரெய்லரை இழுத்தா 10. நானூறு மைல் போனா இருபது கேலன் கூடுதல். 117 டாலருக்கு நல்ல ஹோட்டலே கிடைச்சிருக்கும், காலை சாப்பாட்டோட.

ரெண்டாவது வருஷம் 880தான் செலவு, தங்கினது 47 ராத்திரி, வகுத்தா 19, வாடகையோட 47. இதுதான் மலிவு. அதாவது பேஸ் கேம்ப் மலிவுதான், அதுல பொய் இல்ல, ஆனா அந்த மலிவு உங்க கைக்கு வரணும்னா வருஷத்துக்கு நாப்பது ராத்திரியாவது தங்கணும். ஒரு பிசிஎஸ்ஸுக்காக மட்டும்னா வராது. இவ்வளவு நாள் எல்லார்கிட்டயும் "28 டாலர், 28 டாலர்"னு சொல்லிட்டு திரிஞ்சிருக்கேன், பாதிக் கணக்குதான் அது.

அதனால இப்ப சொல்றது இது. உங்க பேஸ்ல அவுட்டோர் ரெக்ரியேஷன்னு ஒரு ஆஃபீஸ் இருக்கும், டென்ட், படகு, கூலர் பெட்டி வாடகைக்குக் குடுப்பாங்க, பல பேஸ்ல டிரெய்லரும் இருக்கும். ஒரு வாரக்கடைசிக்கு எடுத்துட்டு பக்கத்துல எங்கயாவது ரெண்டு ராத்திரி தங்குங்க. பிள்ளைங்க தூங்கறாங்களா, நாய் குலைக்குதா, உங்க ரெண்டு பேருக்கும் ரிவர்ஸ் எடுக்கறப்ப சண்டை வருதான்னு பாருங்க. மூணாவது ரொம்ப முக்கியம்.

20 பிப்ரவரி 2024

"அப்ப பிசிஎஸ்ஸுக்கு என்னதான் பண்றது"ன்னு கேட்டிருக்கீங்க. டிஎல்இ, அதான் மாத்தல்ல தற்காலிகமா தங்கற செலவுக்குத் தர்ற பணம், 2024 கணக்குக்கு உங்களுக்கு 14 நாள் உண்டு, முன்ன பத்து நாளா இருந்தது, 2022ல கூட்டினாங்க. பேஸ் லாட்ஜிங்ல நாயோட தங்கற ரூம் இருக்கான்னு இன்னைக்கே கேளுங்க. ஃபாம்கேம்ப் சிலதுல கேபினும் வாடகைக்கு உண்டு, அடுப்பு இருக்கும். பிள்ளைங்களுக்கு தோசை ஊத்த ஒரு அடுப்பு கிடைச்சாலே பாதி செலவு போச்சு.

2 மார்ச் 2024

டயர் 560ன்னு எழுதினதைப் பார்த்துட்டு "ஏன் அவ்வளவு"ன்னு ரெண்டு பேர் கேட்டுட்டாங்க. இதை எழுதணும்னு எனக்கும் இருந்தது.

2022 ஜூலை. அரிசோனால ஃபோர்ட் வாச்சுக்கா ஆர்மி பேஸ்ல இருந்து ஜார்ஜியாவுக்கு மாறுறோம். அதே ஐ-10, அதே வெயில். டெக்சாஸ்ல ஒஸோனா தாண்டி ஒரு பொட்டல், வண்டி ஏதோ இழுக்கற மாதிரி இருந்தது, அடுத்த நிமிஷம் டமார்னு சத்தம். டிரெய்லர் வலது பக்கம் டயர் வெடிச்சு, கிழிஞ்ச ரப்பர் அடிச்சு அடியில இருந்த தகரத்தையும் ஒரு பைப்பையும் பிச்சு எடுத்துருச்சு. இவர் பிரேக் மேல ஏறாம மெதுவா ஓரம் கட்டினார், அதனால தப்பிச்சோம். பின் சீட்ல பையன், அப்ப ஆறு வயசு, ஒண்ணும் பேசாம என் கையைப் பிடிச்சுக்கிட்டான். ரெண்டு மணி நேரம் அந்த ரோட்டோரத்துல. நிழலுக்கு டிரெய்லர் நிழல்தான்.

பட்டன் நல்லா இருந்த டயருங்க. விக்கறப்ப "புதுசு மாதிரி"ன்னு சொன்னாங்க, நாங்களும் பட்டனைப் பார்த்து நம்பிட்டோம். வந்த மெக்கானிக் டார்ச் அடிச்சு டயர் பக்கவாட்டுல டிஓடின்னு ஆரம்பிக்கற எழுத்துல கடைசி நாலு எண்ணைக் காட்டினார். 2314. அதாவது 2014ல 23வது வாரம் செஞ்சது. எட்டு வருஷம். டிரெய்லர் டயர் ஓடித் தேயறதைவிட நின்னுக்கிட்டே வெயில்ல காஞ்சு கெடறதுதான் அதிகம், பட்டன் எப்படி இருந்தாலும் அஞ்சாறு வருஷத்துல மாத்திடணும். டிரெய்லர் டயர் நிறையது 65 மைல் வேகத்துக்கு மேல ஓட்டறதுக்கே இல்ல, டெக்சாஸ்ல 80ன்னு போர்டு இருந்தாலும். நாலையும் மாத்தினோம். புது டயர்ல 1822ன்னு இருந்தது, அங்கயே உக்காந்து நாலு டயரையும் நானே படிச்சுப் பார்த்துட்டுத்தான் எந்திரிச்சேன்.

பழசு வாங்கறவங்க டிரெய்லர் உள்ள மெத்தை, திரைச்சீலை எல்லாம் அப்புறம் பாருங்க, முதல்ல குனிஞ்சு அந்த நாலு எண்ணைப் பாருங்க. அப்புறம் ஏணி வச்சு கூரை மேல ஏறிப் பாருங்க. உங்க வண்டில டிரைவர் கதவைத் திறந்தா ஒரு ஸ்டிக்கர் இருக்கும், ஆளும் சாமானும் சேர்த்து எவ்வளவு எடை தாங்கும்னு. டிரெய்லர் எடையில பத்துல இருந்து பதினஞ்சு சதவீதம் ஹிட்ச் மேல வந்து உக்காரும், அதையும் இந்தக் கணக்குல சேர்க்கணும். டீலர் "இழுக்கும்"னு சொல்றது இழுக்கறதுக்கு மட்டும்தான்.

3 மார்ச் 2024

பிப்ரவரி 12ல எழுதினதுல ஒரு தப்பு. மிலிட்டரி பாஸ்ல பார்க் நுழைவுக் கட்டணம்தான் இலவசம். கேம்ப் கட்டணம் பாதியாகறது சீனியர் பாஸுக்கும், நிரந்தர டிசெபிலிட்டி உள்ளவங்களுக்குத் தர்ற ஆக்சஸ் பாஸுக்கும்தான். திருத்தின வாசகருக்கு நன்றி. மன்னிச்சுக்கோங்க, இதை நம்பி யாரும் புக் பண்ணிருந்தா சொல்லுங்க.

10 மார்ச் 2024

இன்னொரு அக்கா கேட்டது: டிரெய்லர்ல இட்லி, தோசை நடக்குமா, கரண்டு தாங்குமா.

தாங்கும், கணக்கு தெரிஞ்சா. 30 ஆம்ப்ங்கறது மொத்தமே 3,600 வாட். வெயில் காலத்துல ஏசி ஒண்ணே ஏறக்குறைய பாதியைத் தின்னுரும். சுடுதண்ணி ஹீட்டரைக் கரண்டுல போட்டா 1,400 கிட்ட. அதுக்கு மேல கெட்டிலைப் போட்டீங்க, பிரேக்கர் விழுந்துரும். அதனால ஹீட்டரை கேஸுக்கு மாத்திருவேன். கிரைண்டர் ஒண்ணுமே இல்ல, 150 வாட்தான், பயப்படாம மாவு ஆட்டலாம். 50 ஆம்ப் சைட்னா 12,000 வாட், அது பெரிய வண்டிகளுக்கு. சைட்ல இருக்கற கரண்டு போஸ்ட்ல கோளாறு இருந்தா உள்ள இருக்கற சாமான் எல்லாம் போயிரும், ஒரு சர்ஜ் புரொடக்டர் வாங்கி முதல்ல அதைச் சொருகிட்டு அப்புறம் டிரெய்லரைச் சொருகுங்க. தண்ணிக்கு பிரஷர் ரெகுலேட்டர்.

தாளிக்கறதை வெளிய வச்சுக்கோங்க. உள்ள தாளிச்சா மெத்தைல வெங்காய வாசம் ஒரு மாசம் போகாது, புகை அலாரமும் அலறும். வெளிய ஒரு மடக்கு மேஜை, ஒத்தை பர்னர் அடுப்பு. அப்படித் தாளிச்சப்பதான் சீஃப் வந்தார். அவரைப் பத்தி தனியா எழுதணும்.

28 மார்ச் 2024

அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போலாமான்னு கேட்டவங்களுக்கு இது. நீளமா வரும்.

2022 மே மாசம் மாமனார் மாமியார் கோவில்பட்டில இருந்து வந்திருந்தாங்க. மாமா மெட்ராஸ் ரெஜிமென்ட்ல ஹவில்தாரா இருந்து ரிட்டயர் ஆனவர், வெலிங்டன்ல டிரெயினிங். இவர் இங்க படிக்க வந்துட்டு மாவ்னி மூலமா ஆர்மில சேர்ந்தவர். தெரியாதவங்களுக்கு, கிரீன் கார்டு இல்லாதவங்களையும் மொழி தெரிஞ்சா எடுத்துக்கிட்ட திட்டம், அந்த மொழிப் பட்டியல்ல தமிழும் இருந்தது, 2016க்கு அப்புறம் புது ஆள் எடுக்கலை. மகன் சேர்ந்ததுல மாமாவுக்கு முதல்ல வருத்தம், வேற நாட்டு யூனிஃபார்ம்னு. அப்புறம் அவர்தான் போன் போட்டு "பூட்ஸ் நல்லா பாலிஷ் பண்றியாடா"ன்னு கேக்கறவர். மகன் இருக்கற இடத்தை ஒரு தடவை பாக்கணும்னு அவருக்கு அவ்வளவு ஆசை.

ஒரு பேஸ் கேம்ப்ல மூணு ராத்திரி புக் பண்ணிட்டோம். பேரு வேண்டாம். கெஸ்ட்னா நாங்க ஸ்பான்சர் பண்ணி விசிட்டர் சென்டர்ல பாஸ் வாங்கினா போதும்னு நினைச்சோம், அமெரிக்க நண்பர்களுக்கு அப்படித்தான் வாங்கியிருக்கோம். வெளிநாட்டு பாஸ்போர்ட்னா அது வேற வழி, முன்கூட்டியே எழுதிக் கேட்டு அனுமதி வரணும், நாளாகும். சனிக்கிழமை கவுன்டர்ல உக்காந்திருந்த பையன் மரியாதையாத்தான் சொன்னான், அவன் மேல தப்பு இல்ல. மாமா முகத்தைத்தான் பாக்க முடியலை. பழைய ஆர்மி அடையாள அட்டையை பிளாஸ்டிக் கவர்ல போட்டு ஊர்ல இருந்து எடுத்துட்டு வந்திருந்தார். அதை எடுத்து கவுன்டர் மேல வச்சார், அப்புறம் எடுத்து பையில வச்சுக்கிட்டார்.

கேட்டுக்கு வெளிய மோட்டல்ல ரூம் போட்டோம். சாயங்காலம் அஞ்சு மணிக்கு பேஸ் உள்ள ஸ்பீக்கர்ல ரிட்ரீட் ஊதினாங்க, கொடி இறக்கற நேரம். வெளிய வரைக்கும் கேட்டுச்சு. பார்க்கிங்ல நின்னுட்டிருந்த மாமா சத்தம் வந்த பக்கம் திரும்பி அட்டென்ஷன்ல நின்னுட்டார், லுங்கியோட. இவர் டிரெய்லர் கதவைப் பூட்டிட்டிருந்தவர், அப்படியே அப்பா பக்கத்துல போய் நின்னார். ரெண்டு பேரும் ஒண்ணும் பேசிக்கலை. நான் மோட்டல் மாடிப்படில நின்னு பார்த்துட்டு அழுதேன்.

ஆனா வழி இருக்கு. பேஸுக்கு வெளிய, கேட் இல்லாம இருக்கற மிலிட்டரி ரெக்ரியேஷன் ஏரியா சிலது உண்டு. அரிசோனால லூக் ஏர்ஃபோர்ஸ் பேஸோடது ஃபோர்ட் டட்ஹில், ஆனா இருக்கறது ஃப்ளாக்ஸ்டாஃப்ல, பேஸ்ல இருந்து ரெண்டு மணி நேரத்துக்கு மேல. அடுத்த வாரம் போன் போட்டு விஷயத்தைச் சொல்லி கேட்டுட்டு அங்க கூட்டிட்டுப் போனோம். பைன் காடு, மே மாசத்துலயும் ராத்திரி ஸ்வெட்டர். அங்கிருந்து கிராண்ட் கேன்யன் ஏறக்குறைய 80 மைல். மாமியார் மூணு நாளும் வெளிய அடுப்புல கருவாட்டுக் குழம்பு வைக்கணும்னு நின்னாங்க, கரடி வாசம் பிடிச்சு வரும்னு சொல்லி நிறுத்தினோம்.

ஊர்ல இருந்து வர்றவங்களைக் கூட்டிட்டுப் போறதா இருந்தா டிக்கெட் போடறதுக்கு முன்னாடியே அந்தந்த பேஸ்ல கேளுங்க. கேட்டு "முடியாது"ன்னா அது நம்மளோட போகும். கவுன்டர்ல பெரியவங்களை நிக்க வச்சு கேக்க வேண்டாம்.

14 ஏப்ரல் 2024

புத்தாண்டு வாழ்த்துக்கள் எல்லாருக்கும். மாங்காய் பச்சடி டிரெய்லர்லதான்.

சீஃப் கதை. 2023 பிப்ரவரில இவர் டிப்ளாய்மென்ட் போனார், குடும்பத்தை விட்டுட்டுப் போற படைப் பணி, ஒன்பது மாசம். வீட்ல நானும் பையனும். சனி ஞாயிறு வந்தா சுவர் நெருக்கற மாதிரி இருக்கும். மார்ச்ல துணிஞ்சு நானே டிரெய்லரை இழுத்துட்டு மேபோர்ட் போனேன். ரெண்டரை மணி நேர ரோடு, கை வேர்த்து ஸ்டியரிங் வழுக்குச்சு. சைட்ல ரிவர்ஸ் எடுக்க வரலை, நாலாவது தடவையும் கோணல். பக்கத்து சைட்ல இருந்து வயசானவர் ஒருத்தர் வந்தார், தொப்பில வியட்நாம் வெட்டரன்னு எழுதியிருந்தது. வண்டியில இருந்து என்னை இறக்கிட்டு அவர் எடுத்துத் தருவார்னு நினைச்சேன். அவர் "ஸ்டியரிங்க கீழ் பக்கம் பிடி, டிரெய்லர் எந்தப் பக்கம் போகணுமோ கையை அந்தப் பக்கம் நகத்து"ன்னு மட்டும் சொல்லிட்டு தள்ளி நின்னார். அஞ்சாவது தடவை போயிருச்சு.

நேவில சீஃபா இருந்து ரிட்டயர் ஆனவர். மனைவி இறந்த அப்புறம் வீட்டை வித்துட்டு பேஸ் பேஸா போறாராம். ரசம் தாளிச்ச வாசத்துக்கு வந்து ஒரு கப் வாங்கிக் குடிச்சார், அப்புறம் தினம் ஆறு மணிக்கு கப்போட வருவார். பிளாக் டேங்க், அதான் கக்கூஸ் கழிவுத் தொட்டி, அதோட பாடம் அவர் சொல்லிக் குடுத்ததுதான்: சாக்கடைல பைப் மாட்டியிருந்தாலும் வால்வைத் திறந்தே வைக்கக் கூடாது, தண்ணி மட்டும் ஓடிட்டு மத்தது உள்ள தங்கி இறுகிரும், மூணுல ரெண்டு பங்கு நிறைஞ்ச அப்புறம் திறக்கணும், முதல்ல பிளாக், அப்புறம் கிரே டேங்க், அதுல இருக்கற பாத்திரம் கழுவின தண்ணி வந்து பைப்பைக் கழுவிட்டுப் போகும்.

பையன் ஆத்தோரம் நின்னு கப்பல் எண்ணுவான். ஒரு டெஸ்ட்ராயர் உள்ள வந்துச்சு, மேல வெள்ளை டிரஸ்ல வரிசையா நிக்கறாங்க. "அப்பா இதுல வருவாரா"ன்னு கேட்டான். அப்பா ஆர்மிடா, விமானத்துலதான் வருவார்னேன். சீஃப் சொன்னார், நீ கை ஆட்டு, அதுல இருக்கற யாரோ ஒருத்தரோட பையன் இன்னும் வந்து சேர்ந்திருக்க மாட்டான், அவனுக்காக ஆட்டுன்னு. அவனும் கப்பல் திரும்பற வரைக்கும் ஆட்டினான். அந்த ஒன்பது மாசத்துல எட்டு தடவை அங்க போனோம். ரெண்டாவது வருஷம் 47 ராத்திரி வந்ததே அதனாலதான். பிப்ரவரி 19ல நான் போட்ட கணக்குல இது எங்கயும் வராது.

9 ஜூன் 2024

தங்கச்சி டாம்பா போய்ச் சேர்ந்தாச்சுன்னு எழுதியிருக்காங்க. டிரெய்லர் வாங்கலை. வாடகைக்கு எடுத்து ரெண்டு ராத்திரி பார்த்ததுல மூத்தவனுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, அவருக்கும் இவங்களுக்கும் ரிவர்ஸ் எடுக்கறப்ப சண்டை வந்திருக்கு. வழியில லாட்ஜிங், பேஸ் உள்ள ஒரு கேபின். 12,000க்கு வந்த அந்த டிரெய்லர் டயர்ல 1115ன்னு இருந்ததாம். பார்த்துட்டு வந்தீங்களே, அது போதும் எனக்கு.

புயல் காலம் ஜூன் 1ல இருந்து நவம்பர் 30 வரைக்கும், அதை மட்டும் மறந்துராதீங்க. 2018 அக்டோபர்ல மைக்கேல் புயல் டிண்டல் பேஸையே சூறையாடிட்டுப் போச்சு. மெக்டில் மூணு பக்கம் தண்ணி.

16 அக்டோபர் 2024

இத்தனை நாள் எழுத முடியலை. மில்டன் புயல் வருதுன்னு 7ம் தேதி மெக்டில்லைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. தங்கச்சி எனக்கு மெசேஜ் போட்டாங்க, வழியெல்லாம் ஹோட்டல் நிரம்பிருச்சுக்கா, நாயை வேற எங்கயும் சேர்க்க மாட்டேங்கறாங்கன்னு. வாங்கன்னுட்டேன். நேர்ல பார்த்ததே இல்ல. ரோடு முழுக்க வண்டி, விடியக்காலைல வந்து சேர்ந்தாங்க, நாலு பேரும் நாயும்.

டிரெய்லரை ஸ்டோரேஜ்ல இருந்து எடுத்துட்டு வந்து எங்க வீட்டு வாசல்ல நிறுத்தி வச்சிருந்தேன். வீட்டுப் பிளக் 15 ஆம்ப்தான், 1,800 வாட், ஏசி போட்டா வேற ஒண்ணும் போடாதீங்கன்னு சொல்றதுக்கு வாயைத் திறந்தேன், தங்கச்சியே சொல்லிட்டாங்க, மார்ச் 10ல எழுதினது ஞாபகம் இருக்குக்கான்னு. 9ம் தேதி ராத்திரி புயல் கரை ஏறினப்ப எல்லாரும் எங்க ஹால்ல டிவி முன்னாடி. மறுநாள் அவங்க பக்கத்து வீட்டுக்காரர் போட்டோ அனுப்பினார், வேலி போயிருக்கு, வீடு நிக்குது. அஞ்சு ராத்திரி இருந்தாங்க. பிள்ளைங்க மூணும் டிரெய்லர்லதான் படுத்தாங்க.

கிளம்பறப்ப தங்கச்சி வீட்டுக்காரத் தம்பி தயங்கித் தயங்கிக் கேட்டார், அடுத்த பிசிஎஸ்ல நீங்க வெளிநாடு போற மாதிரி வந்தா இந்த டிரெய்லரை எங்களுக்குக் குடுப்பீங்களான்னு. குடுப்பேன் தம்பி, வேற யாருக்கும் இல்ல. ஆனா டயர்ல 1822ன்னு இருக்கு, 2027 தாண்டினா நாலையும் மாத்திட்டுத்தான் ரோட்டுல ஏத்தணும், அந்தக் காசை விலையில கழிச்சுக்கலாம்.